இழுப்பு கணக்கில் வராது

தபால் அலுவலக வாசலில் நிற்பவன் மார்செல்லா ஹைன்ஸ் வருவதைக் கண்டால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவான். முதுகுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பி அவன் தொப்பிக்கு மேல் நின்று ஆளைக் காட்டிக்கொடுக்கும். "குளிருதா கண்ணு?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். பிட்மன்ஸ் ரீச் என்ற அந்தக் கடற்கரை ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. அவள் யாரையும் திட்டியதில்லை. திட்டாதவளிடம்தான் மறைக்கத் தோன்றும் போலிருக்கிறது.

மருத்துவ நிலையத்தில் ரத்தம் எடுக்கும் அறைக்கு அடுத்த அறை அவளுடையது. புகையை விட நினைப்பவர்களுக்குத் துணையாக இருப்பது அவள் வேலை. அதற்கு முன்பு, கல்யாணமான வருஷம் முதல் ஆலை மூடிய வருஷம் வரை, நண்டு ஆலையில் நண்டுக் கால்களை உடைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோரும் அவளைச் செல்லா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆலையில் இருந்தபோது அவளும் பிடித்தாள். பின்கதவுக்கு வெளியே, கையுறையைக் கழற்றாமல், இரண்டு விரலுக்கு நடுவே நண்டு வாசனையோடு. பிறகு அதை விடுவதற்காக, புகைக்குப் பதில் ஆவி இழுக்கும் மின்சிகரெட்டான ஒரு வேப் வாங்கினாள். பெண்கள் கழிப்பறையில் வேப், பின்கதவில் சிகரெட். முன்பெல்லாம் இரண்டு இடைவேளைக்கு நடுவில் உடம்பு சும்மா இருந்த நேரம் என்று கொஞ்சம் இருந்தது. வேப் வந்து அந்த நேரத்தையும் நிரப்பிவிட்டது. இதைத்தான் அவள் அப்போது குறைத்துக்கொண்டு வருகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். ஆலை மூடிய குளிர்காலத்தில், தோளில் ஒட்டும் நிகோடின் பட்டையை வைத்துக்கொண்டு, முதலில் சிகரெட்டையும் பிறகு வேப்பையும் விட்டாள். தன் மன உறுதியால் விட்டதாக நம்பினாள். மருத்துவ நிலையத்தில் ஆள் தேடியபோது, இரண்டையும் பிடித்து இரண்டையும் விட்டவள் என்று அவளைத்தான் எடுத்தார்கள்.

தன் மன உறுதியைப் பற்றி அவளுக்கு இருந்த இந்த எண்ணத்தைக் கலைத்தவன் அவள் தம்பி ஹெட்லி.

ஹெட்லி பிட்மன் நண்டுப் படகு வைத்திருந்தான். போன குளிர்காலத்தில் துறைமேடை ஏணியில் பனி உறைந்திருந்ததைக் கவனிக்காமல் கால்வைத்துக் கீழே விழுந்தான். கணுக்கால் உடைந்தது; கட்டுப் போட்டும் எலும்பு ஒட்டவில்லை. அறுவை செய்து மூட்டை ஒன்றாக இணைக்க வேண்டும் என்றார் நகரத்து மருத்துவர். இணைத்தால் அடுத்த வசந்தத்தில் படகில் நிற்கலாம். இல்லையென்றால் ஊன்றுகோலோடு கரையில் நின்று மற்றவர்கள் நண்டுக் கூடை இழுப்பதைப் பார்க்கலாம். ஆனால் புகைப்பவன் எலும்பு சரியாகச் சேராது, ஆகவே மூச்சில் புகை இல்லை என்று அறிக்கை வந்தால்தான் தேதி கொடுப்பேன் என்று அவர் சொல்லிவிட்டார். வேப்பையும் விட்டாக வேண்டும், ஆனால் முதலில் புகை. அறிக்கை கொடுக்க வேண்டியவள் செல்லா.

ஹெட்லி சிரித்துக்கொண்டுதான் அவள் அறைக்கு வந்தான். அவன் சிகரெட்டை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் சிகரெட் நாற்றம் கூடாதென்று அவன் மனைவி வெர்னா ஒரு கிறிஸ்துமஸுக்கு வேப் வாங்கிக் கொடுத்திருந்தாள், தர்பூசணி வாசனை. அன்றிலிருந்து அவன் சட்டைப்பையில் அதுதான். கடையில் அவன் சிகரெட் வாங்கியதை யாரும் பார்த்ததில்லை. அவன் வாங்கவும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று செல்லா கேட்டாள். கேட்டாக வேண்டிய கேள்வி அது. ஒன்றுகூட இல்லை என்றான். ஊதிப் பார்க்கும் கருவியை நீட்டினாள். ஊதினான். வேப் ஆவியில் அந்தக் கருவிக்குப் பிடிபடுகிற வாயு கிடையாது. எரிகிற புகையில்தான் உண்டு. கருவி, இவன் புகைக்கிறான் என்றது.

"அடுப்பா இருக்கும் செல்லா," என்றான். "லியாண்டர் கொட்டகையில விறகு அடுப்பு ஒண்ணு இருக்குல்ல."

செல்லா அன்று சாயங்காலமே, தம்பியின் சிநேகிதன் லியாண்டரின் வலைக் கொட்டகைக்குப் போய், வாசலில் நின்று நலம் விசாரித்து, வேண்டுமென்றே அடுப்புக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து தானும் ஊதினாள். கருவி அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் ஹெட்லியிடம் அதைச் சொன்னாள். அவன் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நான் பொய் சொல்றேங்கிற."

"நான் சொல்லல. அது சொல்லுது."

"அதுவும் நீயும் சேர்ந்து படகு ஓட்டுங்க," என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் வெர்னாவிடம் விசாரித்தாள். வீட்டில் ஒரு துண்டு சிகரெட் கிடையாது என்று வெர்னா சத்தியம் செய்தாள். படுக்கையறையில்கூடத் தர்பூசணி வாசனைதான் என்று அலுத்துக்கொண்டாள். தம்பி பொய் சொல்கிறவன் இல்லை என்று செல்லாவுக்குத் தெரியும். பத்து வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே வந்து நின்றவன். கருவியும் பொய் சொல்லாது. இரண்டு உண்மைகளுக்கு நடுவில் எங்கோ ஓட்டை இருக்கிறது, அது எங்கே என்றுதான் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, சமாதானத்துக்காக, ஒரு புட்டி மூஸ் மான் கறியைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடி கொட்டகைக்குப் போனாள். மத்தியான வேளை. கடலில் மூடுபனி, யாருக்கும் வேலை இல்லை. உள்ளே மூன்று பேர். வலைக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்த லியாண்டர் ரோஸ், ஹெட்லியோடு சிறுவயது முதல் ஒரே படகில் போனவன். கவிழ்த்த வாளியில் அவர்கள் கூட்டாளி கோன்சாகா, வாயில் சிகரெட்டோடு. நடுவில் ஹெட்லி, கால் ஒரு பெட்டியின் மேல்.

ஹெட்லி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். வேப்பை எடுத்தபோது லியாண்டர் மூக்கைச் சுளித்தான்.

"யாருப்பா இங்க பழக்கடை வச்சிருக்கிறது?"

கோன்சாகா சிரித்தான். ஹெட்லியும் சிரித்துக்கொண்டே வேப்பைப் பையில் போட்டான். லியாண்டர் தன் சிகரெட்டைப் பற்றவைத்து, ஒரு தடவை இழுத்து, தலையைத் திருப்பாமலே கையைப் பக்கத்தில் நீட்டினான். ஹெட்லியும் பார்க்காமலே வாங்கி, கதையை நிறுத்தாமல் ஓர் இழுப்பு இழுத்து, திருப்பிக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி நீண்டது. அடுத்த பக்கத்திலிருந்து கோன்சாகாவின் கையும் வந்தது. செல்லா புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கதை முடிவதற்குள் தம்பி எத்தனை தடவை இழுத்தான் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹெட்லி, இப்ப நீ என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்?"

"கையில என்ன?"

அவன் தன் கையைப் பார்த்தான். அதில் லியாண்டரின் சிகரெட் இருந்தது. அவன் முகத்தில் தெரிந்தது குற்ற உணர்ச்சி இல்லை, நிஜமான ஆச்சரியம்.

"இதுவா? இது இழுப்பு செல்லா. சிகரெட் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அந்த ஊரில் சிகரெட் என்பது ஒருவன் வாங்குவது, வைத்திருப்பது, எண்ணுவது. இழுப்பு என்பது ஒருவன் கொடுப்பது. வீட்டுக்கு வந்தவனுக்குத் தேநீர் கொடுத்தால் அவன் தேநீர் குடிக்கும் பழக்கமுள்ளவன் ஆகிவிடுவானா? எத்தனை சிகரெட் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று அவன் சொன்னது அவனுடைய மொழியில் உண்மைதான். கேள்விதான் ஊருக்கு வெளியிலிருந்து வந்தது.

அன்று இரவு படுக்கையில் அவளுக்கு ஆலையின் பின்கதவு நினைவுக்கு வந்தது. அங்கே நின்றவர்களில் ஒருத்தி வேலைக்காகத் தொலைவில் ஆல்பர்ட்டாவுக்குப் போனாள், இன்னொருத்தி மகள் வீட்டுக்குப் போனாள், மற்றவர்கள் அவரவர் வீட்டில். ஆலை மூடிய பிறகு அந்தக் கதவுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. அவள் விட்டது அந்தக் குளிர்காலத்தில். மன உறுதி கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் நீட்டுவதற்கு ஒரு கையும் இல்லாமல் போனதை அவள் இத்தனை நாளும் கணக்கில் சேர்க்கவில்லை. தன்னைப் பற்றிய ஒரு நல்ல எண்ணம் போவது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

மறுநாள் கொட்டகையில் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். இழுப்பு நின்றால்தான் அறுவை. அறுவை நடந்தால்தான் படகு. வேப் இப்போதைக்கு இருக்கட்டும், கொட்டகைக்கு உள்ளேயும் பிடிக்கட்டும், பழக்கடை என்று யாரும் கேலி செய்யக்கூடாது. அதன் பிறகு அதில் ஊற்றும் திரவத்தின் வீரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நாளில் கடலில் எறிந்தவர்கள், முதல் கெட்ட செய்தி வந்ததும் இரண்டையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஹெட்லி தலையாட்டினான். தான் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான். ஆனால் கயிறு போட்டுக்கொண்டிருந்த லியாண்டரின் கை நின்றுவிட்டது.

"நான் நீட்டி அவன் வேண்டாங்கிறதா? நல்லாவா இருக்கும்?"

"அப்ப நீ நீட்டாதே."

"நான் பிடிக்கிறேன், பக்கத்துல இவன் உக்காந்திருக்கான், நீட்டலேன்னா ஊர் என்ன சொல்லும் புள்ள? ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லேன்னு சொல்லும்."

அது நிஜம். பிட்மன்ஸ் ரீச்சில் இரண்டு ஆண்கள் சண்டை என்றால் அடிதடி கிடையாது, கத்தல் கிடையாது. ஒருவன் பற்றவைப்பான், மற்றவன் பக்கம் கை நீளாது. அவ்வளவுதான். தேவாலயத்திலிருந்து கடைவரை அன்றே செய்தி போய்விடும்.

செல்லா யோசித்தாள். பிறகு, "சொல்லட்டுமே," என்றாள்.

மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"பேச்சுவார்த்தை இல்லேன்னே சொல்லட்டும். அறுவை முடியிற வரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் சண்டை. கோன்சாகாவும் லியாண்டர் கட்சி. முடிஞ்சுது. யாரும் நீட்ட வேண்டாம், யாரும் வேண்டாம்னு சொல்ல வேண்டாம்."

அப்புறம் லியாண்டர் சொன்னான், சண்டை என்றால் காரணம் வேண்டும், காரணமில்லாத சண்டையை ஊர் நம்பாது. அதை அவர்கள் படகு வாங்குகிற மாதிரி தீவிரமாக விவாதித்தார்கள். கோன்சாகா ஒரு பழைய நங்கூரத்தை ஞாபகப்படுத்தினான். ஹெட்லி இரவல் வாங்கித் தொலைத்த லியாண்டரின் நங்கூரம்.

"நான் தொலைக்கல. இவன் கட்டின முடிச்சு அவிழ்ந்துபோச்சு," என்றான் ஹெட்லி.

"என் முடிச்சா? எங்கப்பன் கல்லறைமேல சத்தியமா சொல்றேன், என் முடிச்சு இன்னைக்கு வரைக்கும் அவிழ்ந்ததில்ல."

"இது போதும்," என்றாள் செல்லா. "அப்படியே வச்சுக்கோங்க."

சண்டை அன்று மதியமே ஆரம்பமாயிற்று. சாயங்காலத்துக்குள் வெர்னாவிடம் நாலு பேர் துக்கம் விசாரித்தார்கள். பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். ஆனால் சண்டைக்காரர்கள் வேறு எங்கே போவார்கள்? அதே கொட்டகை, அதே இடம். லியாண்டர் சிகரெட் பிடிக்க வெளியே போய் நின்றான். உள்ளே வந்து ஹெட்லி பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் கோன்சாகா மூலமாகப் பேசினார்கள்.

"கோன்சாகா, காத்து வடக்கே திரும்பிருச்சுன்னு அவன்கிட்ட சொல்லு."

"ஹெட்லி, காத்து வடக்கே திரும்பிருச்சாம்."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு."

கோன்சாகா சொல்வான். வேலையில் நேர்மையானவன். ஒரு வார்த்தையைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான்.

முதல் வாரம் விளையாட்டாகப் போயிற்று. இரண்டாவது வாரம் அதில் ஏதோ நிஜம் கசிய ஆரம்பித்தது. ஒரு காரியத்தை நடித்துக்கொண்டே இருந்தால் அது எந்த இடத்தில் நடிப்பாக இல்லாமல் போகிறது என்று நடிப்பவனுக்கே தெரிவதில்லை. ஹெட்லி தூங்கவில்லை. வேப் இருந்தும் தேடினான். அவன் தேடியது நிகோடின் இல்லை. வெர்னா செல்லாவுக்குப் போன் செய்து, அவன் ஜன்னலில் நின்று லியாண்டர் வீட்டுப் புகைபோக்கியைப் பார்க்கிறான் என்றாள். செல்லா போய் அவன் தோளில் ஒரு நிகோடின் பட்டையை ஒட்டிவிட்டாள், வேப்பை இன்னும் இரண்டு வாரம் குறைக்க வேண்டாம் என்றாள். வேறு என்ன செய்ய முடியும்? பட்டைக்குப் பேச வராது.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஹெட்லி ஊன்றுகோலோடு லியாண்டர் வீட்டுப் பாதையில் ஏறினான். ஒரே ஓர் இழுப்பு, அப்புறம் எல்லாம் பழையபடி, கால் எப்படிப் போனால் என்ன என்று நினைத்தான். லியாண்டர் கையில் சிகரெட்டோடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெட்லி வருவதைக் கண்டான். எதற்கு வருகிறான் என்றும் தெரிந்துகொண்டான்.

கதவைச் சாத்தினான்.

அந்த ஊரில் பகல் வேளையில் வருகிறவன் முகத்துக்கு எதிரே யாரும் கதவைச் சாத்தியதில்லை. தெரியாதவன் வந்தாலும், கடன்காரன் வந்தாலும், உள்ளே வா, ஈரம், ஒரு வாய் தேநீர் குடி என்பார்கள். ஹெட்லி மழையில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி இறங்கிப் போனான்.

இதைச் செல்லாவிடம் சொன்னது லியாண்டர்தான். அவள் அறைக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னான்.

"கதவுக்குப் பின்னாலதான் நின்னேன் புள்ள. அவன் மூச்சு கேட்டுது. நனைஞ்சா அவனுக்கு இழுப்பு வரும்னு எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்."

அவன் அழவில்லை. தொப்பியைத்தான் பிழிந்துகொண்டிருந்தான். ஒரே சொல்லில் ஹெட்லியின் நோயும் இருந்தது, நட்பும் இருந்தது. எது எது என்று அதுவரை யாரும் பிரித்துப் பார்க்கத் தேவைப்படவில்லை. செல்லா எழுந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மனிதர்களை அவ்வளவு எளிதில் மெச்சுகிறவள் இல்லை அவள். ஆனால் அந்தக் கதவைச் சாத்தியதைவிடப் பெரிய காரியம் பிட்மன்ஸ் ரீச்சில் நடந்ததாக அவளுக்குத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் ஹெட்லி ஊதினான். கருவி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. வேப்பின் வீரியத்தையும் ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். அவனுக்கு அதில் பெரிய சிரமம் இருக்கவில்லை, தர்பூசணியை அவன் ஒருபோதும் விரும்பியதில்லையாம். தேதி வந்தது. மூட்டை இணைத்தார்கள். கட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

அப்போதுதான் செல்லாவுக்குத் தான் செய்த பிழை உறைத்தது. அறுவை முடியும் வரை என்று சொல்லியிருந்தாளே தவிர, சண்டை எப்படி முடியும் என்று அவள் யோசிக்கவே இல்லை. பிட்மன்ஸ் ரீச்சில் இருவர் சமாதானமானால் அதற்கு ஒரே அடையாளம்தான் உண்டு. ஒருவன் பற்றவைத்து, கையை நீட்டுவான். அதுவும் எலும்பு ஒட்டுகிற நேரம் பார்த்து.

லியாண்டர் ஞாயிற்றுக்கிழமை வந்தான், சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டையில். பின்னால் கோன்சாகா. வெர்னா தேநீர் வைத்தாள். லியாண்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போயிற்று. போன இடத்திலேயே நின்றது. ஹெட்லி அந்தக் கையைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது.

"கோன்சாகா," என்றான் ஹெட்லி, கூரையைப் பார்த்துக்கொண்டு. "நங்கூரம் போனது அவன் முடிச்சாலதான்னு அவன்கிட்ட சொல்லு."

லியாண்டரின் கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"படுத்திருக்கிறவன் வாய்க்கு மட்டும் கட்டுப் போடலையான்னு கேளு," என்றான்.

சண்டை நீடித்தது. வசந்தத்தில் ஹெட்லி படகில் நின்றான், கொஞ்சம் சாய்ந்துதான், ஆனால் நின்றான். சீசன் நடுவில் கூடை இழுக்கும்போது வேப் சட்டைப்பையிலிருந்து கடலில் விழுந்துவிட்டதாகச் சொன்னான். அது விழுந்தது என்று யாரும் நம்பவில்லை; கேட்கவும் இல்லை. கரைக்கு வந்ததும் கொட்டகையில் இருவரும் பக்கம்பக்கமாக உட்கார்ந்து, பேச்சுவார்த்தை இல்லாமல், சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

செல்லா தன் அறையில் இப்போதெல்லாம் "எத்தனை?" என்று கடைசியில்தான் கேட்கிறாள். முதல் கேள்வி "யாரோட?" என்பது. சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவர்கள் யோசிக்கிறார்கள், ஒரு காரையோ ஒரு கதவையோ செத்துப்போன ஒருவரையோ சொல்கிறார்கள். வேப் பிடிப்பது எங்கே, சிகரெட் பிடிப்பது எங்கே என்று கேட்டால் எந்தக் கூட்டத்தில் எதை எடுக்கிறார்கள் என்பது வெளியே வருகிறது. எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. பலிக்காதவர்களை அவள் மறந்ததும் இல்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் லியாண்டர் வந்து, இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யாரோட பிடிக்கிற?" என்றாள் செல்லா.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வெளிய போய் நின்னு தனியா பிடிக்கிறேன். நல்லாவே இல்ல. அப்புறம் கோன்சாகா வந்து நீட்டுறான், நானும் வாங்கிக்கிறேன். எனக்கும் சண்டை போட ஒரு ஆள் வேணும் செல்லா."

"ஹெட்லிதான் இருக்கானே."

"அது அவனுக்காகப் போட்டது. எனக்குன்னு ஒண்ணு வேணும்."

யாரோடு என்பதில் சந்தேகம் இல்லை. மிச்சம் இருப்பவன் கோன்சாகா ஒருவன்தான். கோன்சாகா ஒப்புக்கொண்டான்; காரணமும் உடனே கிடைத்தது, சேதிகளை அவன் தப்பாகச் சொல்கிறான் என்று. அதைக் கேட்டு அவன் நிஜமாகவே மனம் புண்பட்டான். ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதவன் அல்லவா.

இனி கொட்டகையில் சேதி கொண்டுபோக ஆள் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. ஆகவே வேலை முடிந்ததும் செல்லா அந்த வழியாக வீட்டுக்குப் போகிறாள். கவிழ்த்த வாளி ஒன்று அவளுக்கென்று இருக்கிறது. மூன்று ஆண்களும் மூன்று திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பில் தேநீர் கொதிக்கும்.

"காத்து வடக்கே திரும்பிருச்சு," என்பான் லியாண்டர், பொதுவாக.

செல்லா மற்ற இருவர் பக்கமும் திரும்பி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள்.